எந்தக் கொத்திலும் சேராத ஊர்

“கழிமேடு இந்தத் தடவையும் அடம் பிடிக்குது மேடம்” என்றார் நிஜாமுதீன்.

திலகவதி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “என்ன சொல்லுது?”

“அது எங்க சொல்லுது? நம்ம முறைங்கதான் ஆளுக்கொண்ணு சொல்லுது. நடுப்புள்ளி முறையில போட்டா ரெண்டாங்கொத்து. கிளை முறையில போட்டா மூணாங்கொத்து. நெருக்க முறையில போட்டா எந்தக் கொத்துமே கிடையாது. தனி.”

மாவட்டங்கள் ஒழிந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்தில் கிடக்கிற ஒரே காரணத்துக்காக இரண்டு ஊர்கள் ஒன்றாகிவிடுமா என்று ஓர் அரசு கேட்டது; அடுத்து வந்த அரசு அந்தக் கேள்வியைச் சட்டமாக்கியது. வருமானம், படிப்பு, ஆயுள், குடிநீர், வெயில், குழந்தைச் சாவு. இந்த எண்களில் எந்த வட்டாரம் எந்த வட்டாரத்தைப் போல் இருக்கிறதோ, அவையே இனி அண்டை வட்டாரங்கள். ஐந்து கொத்துகள். ஒரு கொத்துக்கு ஒரே நிதி, ஒரே திட்டம், ஒரே மருத்துவமனைத் தொடர். மலைச்சரிவில் இருந்த ஊரும் கடலோரத்தில் இருந்த ஊரும் உடன்பிறப்புகள் ஆயின. ஆற்றின் இக்கரையும் அக்கரையும் அந்நியமாயின.

ஜனங்கள் அதற்கும் பழகிவிட்டார்கள். கல்யாண விளம்பரங்களில் ‘முதற்கொத்து விரும்பத்தக்கது’ என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் “போடா அஞ்சாங்கொத்து” என்று திட்டிக்கொண்டன.

எந்த முறையில் கொத்துப் பிரிப்பது என்று பரிந்துரைப்பது திலகவதியின் வேலை. அன்றைக்குப் புதிதாக வந்திருந்த செயலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்குக் கணக்கு ஆகாது. கையெழுத்து மட்டும் நல்லா வரும். புரியற மாதிரி சொல்லுங்க” என்றார்.

இந்த மாதிரி ஆட்களுக்குச் சொல்வதற்கு நிஜாமுதீன் ஒன்று வைத்திருந்தார்.

“கல்யாணப் பந்தின்னு வெச்சுக்குங்க சார். நடுப்புள்ளி முறைன்னா, அஞ்சு மேசைதான்னு முன்னாடியே முடிவு பண்ணிடறோம். யார் வந்தாலும் எது கிட்டத்துல இருக்கோ அந்த மேசையில உட்கார்ந்தாகணும். யாரும் நிக்கக்கூடாது.”

“சரி.”

“கிளை முறையில, ரொம்ப நெருங்கின சொந்தத்தை முதல்ல ஜோடி சேர்ப்போம். அப்புறம் ஜோடியையும் ஜோடியையும். இப்படியே குடும்பம் குடும்பமா. ஒரு தடவை சேர்த்தது சேர்த்ததுதான், பிரிக்க முடியாது. ஆரம்பத்துல தப்பா சேர்த்தா கடைசி வரைக்கும் அந்தத் தப்பு கூடவே வரும்.”

“என் கல்யாணத்தையே சொல்றீங்க” என்றார் செயலாளர்.

“மூணாவது, நெருக்க முறை. மேசையே கிடையாது சார். எங்கெல்லாம் நாலு பேர் கூடி நின்னு பேசறாங்களோ, அங்கெல்லாம் ஒரு வட்டம் போடுவோம். எந்தக் கூட்டத்தோடயும் ஒட்டாம மண்டபத்து வாசல்ல நிக்கிறவரைத் ‘தனி’ன்னு எழுதிடுவோம். கழிமேடு ரொம்ப நாளா அந்த வாசல்லதான் நிக்குது.”

“தனியா நிக்கிறவருக்கு யாருங்க இலை போடறது? நிதி ஒதுக்கீட்டுல ‘தனி’ன்னு ஒரு இனம் கிடையாதே.”

“அதனாலதான் நடுப்புள்ளி முறை” என்றாள் திலகவதி. “எல்லாருக்கும் ஒரு மேசை உண்டு. கோர்ட்டுல கேட்டாலும் விளக்கிச் சொல்லலாம்.”

செயலாளர் திருப்தியாக எழுந்து போனார். நிஜாமுதீன் எழுந்திருக்கவில்லை.

“மேடம், தப்பா நினைக்காதீங்க. கழிமேட்டுல வருமானமும் படிப்பும் ரெண்டாங்கொத்து மாதிரி. வெயிலும் தண்ணியும் நாலாங்கொத்து மாதிரி. குழந்தைச் சாவு மட்டும் முதற்கொத்தைவிடக் கம்மி. கம்மின்னா, இல்லவே இல்லங்கற மாதிரி. ஒரு ஊருக்கு இத்தனை முகம் இருக்குமா?”

“ஏன் இருக்கக்கூடாது? உப்பளமா இருந்த ஊர். உப்புலேருந்து மின்கலம் செய்யற ஆலை வந்துச்சு. காசு வந்துச்சு, படிச்சவங்க குடி வந்தாங்க, சாவு குறைஞ்சது. இதுக்குத்தானே நிஜாம் வளர்ச்சின்னு பேரு?”

“நான் ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?”

“போய் என்ன பார்ப்பீங்க? பிறப்பும் இறப்பும் எங்க நடக்குதோ அங்கதான் எழுதறாங்க. ஒண்ணு ரெண்டா வராது, விட்டும் போகாது. அந்த விதியை எழுதினதே நான்தான்.”

“உங்க பையன் அங்க ஆலையிலதானே இருக்கார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாக்கூட…”

“அதனாலதான் வேண்டாம்கிறேன். பையனுக்காக ஒரு ஊர்க் கணக்கை நோண்டினதா என்னை நாளைக்கு எவனாவது சொல்லணுமா?”

நிஜாமுதீன் தன் தேநீரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கழிமேடு இரண்டாங்கொத்தில் உட்கார்ந்தது. கடைசி இரண்டு கொத்துகளின் ஊர்களில் மட்டும்தான் பிறப்பு வண்டி நிறுத்துவார்கள். பிரசவ அறையும் மருத்துவரும் குறைமாதக் குழந்தைக்கான கூடும் உள்ளேயே இருக்கிற பெரிய வண்டி அது. கழிமேட்டில் ஆலை வருவதற்கு முன்னாலிருந்து நின்றுகொண்டிருந்ததைப் பழைய பட்டியல் என்று சொல்லி எடுத்தார்கள். பிள்ளையே சாகாத ஊருக்கு அது எதற்கு?

அந்த வாரக் கடைசியில் எழிலன் கூப்பிட்டான்.

“அம்மா, இங்க நின்ன பிறப்பு வண்டியை எடுத்துட்டாங்க.”

“தெரியும்.”

“பெனிட்டாவுக்கு ஏழாம் மாசம் முடியப் போகுது.”

“அதுவும் தெரியும்.”

“மெட்ராஸுக்கு அழைச்சிட்டு வரட்டுமா? பிரசவம் முடியற வரைக்கும் உன்கூட இருக்கட்டும்.”

பெனிட்டாவுக்கு நாகர்கோவில். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காத கல்யாணம். அந்த வீட்டில் மகள் செத்துவிட்டதாகவே சொல்லிக்கொண்டார்கள். இந்த வீட்டில் அப்படிச் சொல்லவில்லை. கூப்பிடவும் இல்லை.

“தலைப்பிரசவம் அம்மா வீட்டுலடா. நீயும் அம்பாசமுத்திரத்துல உங்க ஆச்சி வீட்டுலதான் பொறந்தே. நான் மெட்ராஸ்ல வேலையில இருந்தேன், ஏழாம் மாசம் வளையல் போட்டுக்கிட்டு ரயில் ஏறினேன்.”

“அவங்க கதவைத் திறக்க மாட்டேங்கறாங்களேம்மா.”

“வயித்துப் பிள்ளையோட போய் நின்னா திறப்பாங்க. நான் இப்ப கூட்டி வெச்சுக்கிட்டா, அவங்க வீம்புக்கு நானே வழி பண்ணிக் கொடுத்த மாதிரி ஆயிடும். பேரனைப் பார்க்கவாவது இறங்கி வரட்டும்.”

“நீ யாருக்கும்மா பாடம் எடுக்கற?”

எதிர்முனையில் ஏதோ இழுபறி கேட்டது. பெனிட்டா வாங்கிப் பேசினாள்.

“மாமி, அவ்வோ பேசினத மனசுல வெச்சுக்கிடாதீங்க.”

மாமியாரை மாமி என்பது அவள் ஊர் வழக்கம். திலகவதிக்கு அது இன்னும் பழகவில்லை.

“நான் ஒண்ணும் நினைக்கலம்மா. உடம்பு எப்படி இருக்கு?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல. வெக்கைதான். உப்புப் பாத்தி மேல பட்டு வாற வெயிலு பகல்ல கண்ணத் தொறக்க விடாது. இங்க ஏழு மாசத்துக்கு மேல ஒரு பொம்பளயும் இருக்க மாட்டாவ, கேட்டியளா? எல்லாரும் பெட்டியக் கட்டிட்டு அம்மா வீட்டுக்குப் போயிருவாவ. எங்க தெருவுல வயித்துப் பிள்ளக்காரி இப்ப நான் ஒருத்திதான். கடைக்காரரு என்னப் பாத்துட்டு, ‘ஏன் மக்கா, நீ இன்னும் போவலியா?’ன்னு தெனமும் கேக்காரு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

“நீயும் அம்மாவுக்கு இன்னொரு தடவை பேசிப் பாரு” என்றாள் திலகவதி.

“சரி மாமி.”

தெருவில் நான் ஒருத்திதான் என்று பெனிட்டா சொன்னது திலகவதியின் காதில் விழுந்தது. மாமியார் காதில்தான் விழுந்தது. புள்ளியியல்காரி அப்போது வேறெங்கோ இருந்தாள்.

நாள் நெருங்குவதற்கு முன்பே வலி வந்தது. விமானம் பிடித்து, கார் பிடித்து, திலகவதி போய்ச் சேர்ந்தபோது எழிலன் மணல்குடி மருத்துவமனை வராந்தாவில் சட்டையெல்லாம் மீன் வாடையோடு நின்றுகொண்டிருந்தான்.

“மணல்குடியா? இது நாலாங்கொத்தாச்சே” என்றாள். வேறென்ன கேட்பது என்று தெரியாமல் வாயில் வந்த முதல் வார்த்தை அதுதான். பிறகு பல நாள் அது அவளை உறங்கவிடவில்லை.

“ஆமாம்மா, நாலாங்கொத்து. கழியைத் தாண்டினா இந்த ஆஸ்பத்திரி. எங்க வீட்டு மாடியிலேருந்து இதோட விளக்கு தெரியும். ஆம்புலன்ஸ் வந்துச்சு. டிரைவர் இல்லாத வண்டி. நேரா வடக்கே திரும்பிச்சு. நம்ம கொத்து ஆஸ்பத்திரி அங்க இருக்காம், ரெண்டு மணி நேரம். பாலத்தைத் தாண்டினா போதும், திருப்புன்னு கத்தினேன். அது திரும்பிச்சும்மா. பாலத்துக்கு வந்துச்சு. நடுப் பாலத்துல நின்னுடுச்சு.”

“ஏன்?”

“‘வேறு கொத்தின் எல்லை. அனுமதி கேட்கப்பட்டுள்ளது. அமைதியாக இருக்கவும்.’ அதையே சொல்லிக்கிட்டிருந்துச்சு, அவ்வளவு இனிமையான குரல்ல. அவ கத்தறா, அது அமைதியா இருக்கச் சொல்லுது. கதவு திறக்கல. மீன் ஏத்திக்கிட்டு வந்த வேன்காரங்கதான் இறங்கிக் கண்ணாடியை உடைச்சாங்க. அந்த வேன்லதான் கொண்டு வந்தோம்.”

“குழந்தை?”

“பையன்” என்றான் எழிலன். “விடியற வரைக்கும் இருந்தான். இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தோம்னா…” திலகவதி அவன் தோளைத் தொடக் கையைக் கொண்டுபோனாள். அவன் நகர்ந்துகொண்டது தெரியாத்தனமாகவா வேண்டுமென்றா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் பெனிட்டாவைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துப் பதிவு அறைக்குக் கூட்டிப் போனார்கள். தாயின் கைரேகை வேண்டுமாம். பதிவாளர் நடுத்தர வயதுப் பெண். குரலைத் தாழ்த்தி, பார்த்துப் பார்த்துத்தான் பேசினாள்.

“பொறந்த இடம் மணல்குடி. தவறின இடமும் மணல்குடி. இதுல விரலை வெச்சிருங்கம்மா.”

“கழிமேடுன்னு போடுங்க” என்றாள் பெனிட்டா.

“அது உங்க வீட்டு விலாசம்மா. எங்க நடந்துச்சோ அந்த ஊருலதான் எழுதணும். விதி அப்படி.”

“முந்தாநேத்து ராத்திரி எங்கள உள்ள விடல. வேற கொத்துன்னு பாலத்துல நிப்பாட்டிப் போட்டாவ. உயிரோட இருக்கும்போ அவன் வேற கொத்து. செத்தப்புறம் உங்க கொத்தா? எந்த ஊரு நியாயம் இது?”

“நான் என்னம்மா செய்யட்டும்? திரையில வேற இடம் எடுக்காது.”

“அவன் எங்க ஊருப் பிள்ள. அங்கதான் என் வயித்துல இருந்தான், அங்கதான் உதைச்சான். இந்த ஊர அவன் கண்டானா? மாமி, நீங்க சொல்லுங்க. இதெல்லாம் உங்க ஆபீசுதானே? சொல்லுங்க மாமி.”

திலகவதி வாயைத் திறந்தாள். ஒன்று இரண்டாக வராது, விட்டும் போகாது என்று அத்தனை வருடம் சொல்லிவந்த வாக்கியம் நாக்கு வரை வந்தது. அதற்குப் பதிலாகத் தன் மகனைப் பார்த்து வேறொன்றைக் கேட்டாள்.

“எழில், உங்க தெருவுல போன வருஷம் யாருக்காவது குழந்தை தவறிச்சா?”

“இப்ப எதுக்கும்மா அது?”

“சொல்லுடா.”

“எதிர்வீட்டு ரம்யாவுக்கு. ஆனா இங்க இல்ல. சாத்தூர்ப் பக்கம், அவங்க அம்மா வீட்டுல. குறைமாசம். ஆலை டவுன்ஷிப்லேயும் ரெண்டு பேருக்குன்னு கேள்வி. இந்த வெக்கையில மாசக்கணக்கா இருந்துட்டுப் போறாங்க, குறைமாசம்தான் ஆகும்னு கம்பெனி நர்ஸ் சொல்லுவாங்க.”

கழிமேட்டில் பிள்ளைகள் சாகாமல் இல்லை. கழிமேட்டின் வெயிலும் உப்பும் அந்தக் குழந்தைகளை வயிற்றிலேயே தொட்டுவிட்டன. பிறகு தாய்மார்கள் பெட்டி கட்டிக்கொண்டு ரயிலேறினார்கள். சாவு சாத்தூரில், சங்கரன்கோவிலில், எங்கெங்கோ இருந்த அம்மா வீடுகளின் ஊர்க் கணக்கில் ஏறியது. அந்த ஊர்கள் இருப்பதைவிட மோசமாகத் தெரிந்தன; கழிமேடு சொர்க்கமாகத் தெரிந்தது. நாட்டில் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் தலைப்பிரசவம் எங்கே நடக்கும் என்று சொல்லியிருப்பாள். திலகவதியைக் கேட்டாலும் சொல்லியிருப்பாள், வீட்டில் இருக்கும்போது கேட்டிருந்தால். போன மாதம் சொல்லவும் செய்தாள். அவள் எழுதிய விதிக்கு மட்டும் அது தெரியாது.

நெருக்க முறை அந்த ஊரை வாசலில் நிறுத்தியபோது நிஜாமுதீன் ஒரு நடை போய் வருகிறேன் என்றார்.

“அவ சொல்றபடி போடுங்க” என்றாள் திலகவதி.

“திரை எடுக்காதும்மா.”

“தெரியும். இப்ப கைரேகை வாங்காதீங்க. நிறுத்தி வையுங்க. நான் போய் மாத்திட்டு வரேன்.”

“அதெல்லாம் பெரிய இடத்துல மாத்தணும்மா.”

“நான்தான் அந்தப் பெரிய இடம்” என்றாள் திலகவதி. அதைச் சொன்னபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

சென்னையில் செயலாளர் முதலில் ஒப்பவில்லை. “பழசையெல்லாம் கிளறினா எத்தனை ஊர் கேள்வி கேட்கும் தெரியுமா?” என்றார். கேட்கட்டும் என்றாள். “உங்க வீட்டுத் துக்கம்ங்கறதால அவசரப்படறீங்கன்னு பேசுவாங்க.” பேசட்டும் என்றாள். எந்தப் பேச்சுக்குப் பயந்து அவள் முன்பு ஒதுங்கினாளோ அதே பேச்சு. இப்போது அது ஒன்றும் செய்யவில்லை. விதியில் ஒரே வரி மாறியது. குழந்தையின் பிறப்பும் இறப்பும் தாய் கருவுற்றிருந்த காலத்தில் குடியிருந்த ஊரில் எழுதப்படும். நிஜாமுதீனும் அவளும் பழைய பதிவுகளையெல்லாம் தாய்மாரின் வீட்டு விலாசத்தோடு ஒட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழந்தையாக ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். வேலை மழைக்காலம் முழுக்க ஓடியது.

“முதல்ல எதைப் போடட்டும்?” என்றார் நிஜாமுதீன், எல்லாம் முடிந்த அன்று.

“மூணையும் போடுங்க.”

போட்டார். வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன நிஜாம்?”

“நாலாங்கொத்து.”

“எதுல?”

“மூணுலயும். நடுப்புள்ளி, கிளை, நெருக்கம், மூணும் ஒண்ணையே சொல்லுது மேடம். மணல்குடியோடயே சேர்ந்து உட்கார்ந்திருக்கு. கழிமேடு மட்டுமில்ல, தகராறு பண்ணிக்கிட்டிருந்த மத்த ஊரும் அடங்கிடுச்சு.” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எந்த முறை நல்ல முறைன்னு நீங்களும் நானும் எத்தனை வருஷம் சண்டை போட்டிருப்போம்? கட்டுரை எழுதினோம், கருத்தரங்கு நடத்தினோம்.”

“முறையில ஒண்ணுமில்ல” என்றாள் திலகவதி.

“மூணாவது முறை மட்டும் எனக்குப் புரியலன்னு நேர்மையா சொல்லிச்சு.”

“அதைத்தான் நாம தள்ளி வெச்சோம்.”

“நாம இல்ல மேடம்” என்று சொல்லவந்தவர் சொல்லாமல் விட்டார். அந்தத் தயவு அவளைச் சுட்டது.

பிறப்பு வண்டி கழிமேட்டுக்குத் திரும்பியது. பாலத்தில் இருந்த எல்லைக் குறியை எடுத்தார்கள். அன்று திலகவதி தானே கூப்பிட்டாள். எழிலன் எடுத்த கையோடு பெனிட்டாவிடம் கொடுத்தான்.

“வண்டி வந்துச்சாம்மா?”

“வந்துட்டு மாமி. ரேஷன் கடைக்கு எதிர நிக்கி. புது வண்டி. பிள்ளயளு எல்லாம் சுத்திச் சுத்திப் பாக்குது.”

“ரெண்டு ஊரும் இனிமே ஒரே கொத்து.”

“அவ்வோ சொன்னாவ. அவன எதுல எழுதியிருக்கு மாமி?”

“கழிமேட்டுல. நானே பார்த்தேன்.”

“பேரு போட்டிருக்கா?”

“பேர் போடற இடம் இல்லம்மா அதுல. எண்ணிக்கைதான்.”

“சரி, இருக்கட்டும். ஒண்ணுன்னாவது இருக்குல்லா. மாமி, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே?”

“கேளு.”

“பேப்பர்ல போட்டிருந்தாவ, உங்க மூணாவது கணக்கு மெஷினு இந்த ஊரு எதுலயும் சேராதுன்னு முன்னாடியே சொல்லிச்சாமே. அப்போ ஏன்னு ஒருத்தராவது கேட்டாவளா?”

“ஒருத்தர் கேட்டார்.”

“நீங்களா?”

“இல்லம்மா.”

தொலைவில் ஆலைச் சங்கு ஊதுவது போனில் கேட்டது. அது ஓயும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

“நீ இங்க வந்து கொஞ்ச நாள் இரு” என்றாள் திலகவதி. “மாடி அறையைச் சுத்தம் பண்ணச் சொல்லியிருக்கேன். மெத்தை புதுசு. நானும் லீவு போடறேன்.”

“வாறேன் மாமி. அடுத்த கணக்கெடுப்பு முடிஞ்சிரட்டும்.”

“அதுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கேம்மா.”

“இருக்கட்டும். இப்ப நானும் எந்திரிச்சு வந்துட்டா, இந்தத் தெருவுல அப்படி ஒருத்தி இருந்தான்னே தெரியாமப் போயிரும்.” குரலில் கோபம் இல்லை. வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிற மாதிரி சொன்னாள். “நீங்க நேரத்துக்குச் சாப்பிடுங்க. வைக்கட்டா?”

திலகவதி போனை மேசைமேல் வைத்தாள். நிஜாமுதீன் கோப்புகளை எடுத்துப் போக வாசலில் நின்றிருந்தார்.

“மருமக என்ன சொல்றாங்க மேடம்? வராங்களா?”

“வரேன்னுதான் சொன்னா” என்றாள் திலகவதி.